பழைய சைக்கிளுக்கு ஸ்பிரே பெயின்ட்: அடிப்பதற்கு முன் அடுக்கைச் சோதிப்பது எப்படி

அப்பா அலுவலகத்துக்கு ஓட்டிப்போன சைக்கிளைப் புதுப்பிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் கரும்பச்சை அடித்தேன். குறுக்குக் கம்பியில் இரண்டு தங்கக் கோடுகளும் போட்டேன். கடைசியாகப் பளபளப்புக்கு ஒரு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. அதை அடித்த ஐந்தாவது நிமிடம், பச்சை நிறம் ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிச் சட்டத்தை விட்டு எழுந்தது. மூன்று வார வேலை கண்ணெதிரே போயிற்று.

நான் ஒன்றும் பார்க்காமல் அடித்துவிடவில்லை. பச்சையையும் தங்கத்தையும் செய்தித்தாளில் அடித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் செய்தித்தாள் எனக்கு நிறத்தை மட்டுமே காட்டியது. பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது என்ன ஆகும், நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும், சென்னையின் ஈரக்காற்றில் எப்படிக் காயும் என்பதையெல்லாம் காகிதம் காட்டாது. அடுத்த முறை சோதனைக்கென்றே தனியாக நாள் ஒதுக்கினேன். அந்த நாள்களில் செய்தவற்றை, செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது சைக்கிளாக இல்லாமல் ஸ்பீக்கர் பெட்டியாகவோ கொலுப்படியாகவோ இருந்தாலும் முறை இதுவேதான்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

டப்பாவின் முன்பக்கத்தில் நிறத்தின் பெயர் மட்டும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய செய்தி பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. கடையிலேயே கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: பெயின்ட் என்ன வகை (எனாமல், லாக்கர், அக்ரிலிக்), அடுத்த பூச்சை எப்போது அடிக்கலாம், எந்தப் பரப்புக்கு உகந்தது. இவற்றில் ஒன்றுகூட அச்சிடாத டப்பாவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பிறகு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் பொருளுக்கான தொழில்நுட்பக் குறிப்புத் தாளையும் பாதுகாப்புத் தாளையும் இறக்கிக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் இலவசமாகவே வைத்திருக்கின்றன. டப்பாவில் இடமில்லாமல் விட்டுப்போன காயும் நேரமும் வெப்பநிலை வரம்பும் அதில் விரிவாக இருக்கும்.

பில்லைத் தொலைக்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் டப்பாவின் அடியில் குத்தியிருக்கும் பேட்ச் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்து கூடுதல் டப்பா வாங்கப் போகும்போது அந்த எண் வேண்டும். ஒரே பெயர் கொண்ட பச்சை, வேறு பேட்சில் சற்று வேறு பச்சையாக வரலாம். மூடியின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். அது வெறும் பிளாஸ்டிக்கின் நிறம்.

2. அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை (லாக்கரைக் கரைக்கும் திரவம்) தொட்டு, பழைய பெயின்ட்மேல் மறைவான ஓரிடத்தில் பத்து விநாடி அழுத்தித் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர் வகை. கரையாமல் சுருங்கினாலோ கொப்புளித்தாலோ எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் தொழிற்சாலையில் சுட்டுக் காயவைத்த பூச்சு. அதை முழுக்க உரிக்கத் தேவையில்லை, நன்றாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

இந்தச் சின்னச் சோதனையின் அடியில்தான் நான் இழந்த மூன்று வாரமும் இருக்கிறது. லாக்கரில் கலந்திருக்கும் கரைப்பான் வீரியமானது. பாதி காய்ந்த எனாமலுக்குள் அது இறங்கி, படலத்தை ஊதவைத்து மடிக்கும். எனாமலில் உள்ள கரைப்பான் மென்மையானது, காய்ந்த லாக்கரை அசைக்காது. எனவே லாக்கர்மேல் எனாமல் நிற்கும், எனாமல்மேல் லாக்கர் பெரும்பாலும் நிற்காது. நான் வாங்கிய பச்சை எனாமல். கிளியர் வேறொரு தயாரிப்பாளரின் லாக்கர். இரண்டின் பின்பக்கத்திலும் அந்தச் சொல் அச்சாகியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இரும்பாக இருந்தால் ரெட் ஆக்சைடோ சாம்பல் நிற பிரைமரோ போதும். ஜி.ஐ. தகடாக, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாக, இருந்தால் கவனம் வேண்டும். துத்தநாகப் பூச்சின்மேல் எனாமலை நேரடியாக அடித்தால் முதலில் அழகாகத்தான் ஒட்டும். பிறகு துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்புபோல ஒரு படலம் உண்டாகி, சில மாதங்களில் தாள் தாளாக உரியும். ஜி.ஐ.க்கும் அலுமினியத்துக்கும் அவற்றுக்கென்றே வரும், உலோகத்தை லேசாக அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் வேண்டும்.

பிளாஸ்டிக் பாகமானால் உள்பக்கம் இருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். 2, 4, 5 என்ற எண்கள் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகளைக் குறிக்கும். பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் இவற்றில் எந்தப் பெயின்டும் நிலைக்காது. 6 என்றால் பாலிஸ்டைரீன். லாக்கர் பட்டால் அதன் பரப்பே இளகிவிடும். தெர்மாகோலும் அதே பொருள்தான், ஸ்பிரே பட்ட இடம் குழியாகிவிடும். தெர்மாகோலில் வேலை செய்பவர்கள் முதலில் பெவிகோலையோ தண்ணீர் பெயின்டையோ இரண்டு பூச்சு தடவி, நன்றாகக் காயவிட்ட பிறகே ஸ்பிரேயைச் சோதிக்க வேண்டும்.

பழைய சைக்கிள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சுகளில் காரீயம் நிறைய இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தேய்த்த சேற்றைத் துணியில் துடைத்தெடுத்து உறையில் கட்டுங்கள்.

3. செலவு

பிரைமர், நிறம், கிளியர் என 400 மில்லி டப்பா ஒவ்வொன்றுக்கும் நான் 250 முதல் 350 ரூபாய் வரை கொடுத்தேன். சோதனைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா மட்டும் வாங்குங்கள். அதில் கால்வாசிகூடச் செலவாகாது, மீதி சைக்கிளுக்கே பயன்படும். கிளியரில் மட்டும் இரண்டு வகை வாங்கினேன். கூடுதலாக 300 ரூபாய் ஆனது. அதற்கு முன் வீணாக்கிய தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உப்புத்தாள், வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், தின்னர் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் அடங்கியது.

முகக்கவசத்துக்குத்தான் உண்மையான செலவு. என்95 கவசம் பெயின்ட் துளிகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். அது ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தலைவலியோடு இரண்டு மாலைகளைக் கழித்த பிறகுதான் வாங்கினேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள். அடியில் பொத்தானை அழுத்தி ஹார்டனரை (பூச்சை இறுகவைக்கும் பொருள்) கலக்கும் 2கே கிளியர் டப்பாக்களும் விற்கிறார்கள். பெட்ரோலுக்கும் அசையாத பூச்சு அது. ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். முதல் வேலைக்கு அதைத் தொட வேண்டாம்.

மூடி திறந்த டப்பாவைக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்கள். அதனால் சோதனை முடியாமல் நான்கைந்து டப்பாக்களை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வாங்கிவர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயின்ட் ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. ரயிலிலும் தடைதான்.

4. சோதனைத் துண்டுகளைத் தயார் செய்யுங்கள்

சோதனைத் துண்டு, நீங்கள் வேலை செய்யும் அதே பொருளாக இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையொன்றில் நெளிந்துபோன சைக்கிள் மட்கார்டு இரண்டை வாங்கி, ஒரு சாண் நீளத் துண்டுகளாக ஆறு வெட்டிக்கொண்டேன். இரும்புக் குழாய்த் துண்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது. தட்டையான தகட்டில் வடியாத பெயின்ட், உருண்டையான குழாயின் அடிப்பக்கத்தில் துளியாகத் திரண்டு தொங்கும். மரவேலைக்காரர்கள் அதே பலகையின் வெட்டுத் துண்டையும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வைத்திருப்பவர்கள் அதன் அறுத்த ஓரத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். அந்த ஓரம் பஞ்சுபோல உறிஞ்சும்.

சைக்கிளுக்கு எதையெல்லாம் செய்யப்போகிறீர்களோ அதையெல்லாம் துண்டுக்கும் செய்யுங்கள். நான் இரண்டுக்கும் 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடித்தேன், ஒரே தின்னரில் துடைத்தேன், ஒரே நேரம் காயவிட்டேன். துண்டை அவசரமாகத் தேய்த்துச் சட்டத்தைப் பொறுமையாகத் தேய்த்தால், துண்டு சொல்லும் பதில் சட்டத்துக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் ஆணியால் ஓர் எண்ணைக் கீறிவிடுங்கள். பேனாவால் எழுதினால் தின்னரில் அழிந்துவிடும். அதே எண்ணில் ஓர் அட்டையையும் தொடங்குங்கள். தேதி, நேரம், டப்பாவின் பெயர், எத்தனை பூச்சு, எவ்வளவு இடைவெளி, அன்றைய வானிலை எல்லாம் அதில் ஏற வேண்டும்.

5. படிக்கட்டுபோல அடியுங்கள்

முழுத் துண்டுக்கும் பிரைமர் அடியுங்கள். அது காய்ந்ததும் ஒரு முனையில் மூன்று விரல் அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, மீதிக்கு நிறம் அடியுங்கள். நிறம் காய்ந்ததும் அதில் இன்னொரு மூன்று விரல் அகலத்தை மூடிவிட்டு, எஞ்சிய பகுதிக்குக் கிளியர் அடியுங்கள். டேப்பை உரித்தால் ஒரே துண்டில் மூன்று படிகள் தெரியும். எந்தப் படியில் கோளாறு தொடங்குகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

பிரைமரின் நிறத்தையும் இதே துண்டில் மாற்றிப் பாருங்கள். கரும்பச்சைக்கு அடியில் எது இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. மஞ்சளும் சிவப்பும் அப்படியில்லை. அவற்றுக்கு மறைக்கும் திறன் குறைவு. சாம்பல் பிரைமர்மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும், வெள்ளைமேல் மலரும். ஒளிரும் நிறங்களுக்கு வெள்ளை அடி கட்டாயம். சிவப்பின்மேல் வெள்ளைக் கோடு போட நினைப்பவர்கள் ஒரு வாரம் காத்திருந்து பாருங்கள். சில சிவப்புகள் மேலே ஊறி, வெள்ளையை ரோஜா நிறமாக்கிவிடும்.

தங்கம், வெள்ளி, குரோம் நிறங்களின்மேல் கிளியர் அடித்தால் மினுமினுப்பு குறையும். குரோம் அநேகமாகச் சாம்பலாகவே மாறிவிடும். என் தங்கக் கோடும் மங்கியதை மூன்றாவது துண்டில் பார்த்ததும், அதை விட்டுவிட்டுக் கிரீம் நிறத்துக்கு மாறினேன். பச்சைக்கு அதுவே எடுப்பாகவும் இருந்தது.

அடிக்கும் முறையையும் துண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பரப்பிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக, 25 சென்டிமீட்டர் அளவில் பிடியுங்கள். துண்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை ஓடவிட்டு, துண்டைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். முதல் பூச்சில் அடிப்பரப்பு தெரிய வேண்டும். அதைப் பார்த்துப் பதறி அதே இடத்தில் மறுபடியும் அழுத்தினால் நிச்சயம் வடியும்.

6. இடைவெளியைச் சோதியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு உங்கள் பொறுமை முழுவதையும் செலவிடுங்கள். பெரும்பாலான எனாமல் டப்பாக்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குப் பின் அடுத்த பூச்சு’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 48 மணி என்றிருக்கும். அந்த ‘அல்லது’ மிகவும் முக்கியம். ஒரு மணிக்குள் அடித்தால் இரண்டு பூச்சும் இளகிய நிலையில் ஒன்றாகிவிடும். ஒரு நாள் கழித்து அடித்தால் கீழ்ப்பூச்சு இறுகியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாக இருக்கும். அப்போது அடித்தால்தான் சுருங்குகிறது. நான் முதல் முறை அடித்தது ஆறாவது மணி நேரத்தில். தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்று துண்டுகளில் ஒரே நாளில் பச்சை அடித்தேன். ஒன்றுக்கு அரை மணியில் கிளியர், இன்னொன்றுக்கு எட்டு மணி கழித்து, மூன்றாவதுக்கு ஏழு நாள் கழித்து. ஒவ்வொரு துண்டின் இடப்பாதியில் லாக்கர் கிளியர், வலப்பாதியில் பச்சையின் தயாரிப்பாளரே விற்கும் எனாமல் கிளியர். அரை மணித் துண்டில் இரண்டு பாதியுமே தப்பின. எட்டு மணித் துண்டில் லாக்கர் பாதி முழுக்கச் சுருங்கியது, எனாமல் பாதியிலும் ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. ஏழு நாள் துண்டில் எனாமல் பாதி கண்ணாடிபோல நின்றது. லாக்கர், மெல்லியதாகத் தூவிய இடத்தில் நின்று, நனையும்படி அடித்த இடத்தில் சுருங்கியது. அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை: எனாமல் கிளியர், ஏழு நாள் கழித்து.

உங்கள் டப்பாக்களில் இதே விடை வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று துண்டை அடித்துப் பார்த்து உங்கள் விடையைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டு நிறம் அடிப்பவர்கள் டேப்பையும் இதே முறையில் சோதிக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்த எனாமல்மேல் டேப்பை ஒட்டி எடுத்தபோது அதன் சுருக்கக் கோடுகள் பச்சையில் அப்படியே பதிந்துவிட்டன. நான்காம் நாள் பதியவில்லை. டேப்பை எடுக்கும்போது, மேலே அடித்த நிறம் முழுதாகக் காய்வதற்கு முன்பே, பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள்.

7. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

கடலோர ஊர்களில் அதிகாலைக் காற்று ஈரம் நிறைந்தது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கிறது. லாக்கரிலும் கிளியரிலும் இது அதிகம். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்தால் நல்லது. மழை பெய்து ஓய்ந்த நாளில் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே உத்தமம்.

நேர்வெயிலிலும் அடிக்கக் கூடாது. சூடேறிய இரும்பில் பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து, தொட்டால் மணல்போல நெருடும். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அடித்தேன். காற்று வீசினால் பக்கத்து வீட்டுத் துணியில் போய்ப் படியும், ஆகவே பழைய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் துண்டை வைத்து அடியுங்கள். டப்பாவிலிருந்து வெளியேறும் வாயு எரியக்கூடியது. அருகில் அடுப்போ பூஜை விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது.

8. துண்டுகளைத் துன்புறுத்துங்கள்

கடைசிப் பூச்சு அடித்து ஒரு வாரம் ஆன பிறகு தொடங்குங்கள். முதலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் பதிந்தால் இன்னும் இறுகவில்லை, இன்னொரு வாரம் விடுங்கள்.

அடுத்து ஒட்டும் திறன். புதிய பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகளும் இரும்பு தெரியும்வரை கீறுங்கள். அதன்மேல் பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் உரியுங்கள். பெயின்ட் தொழிற்சாலைகளில் ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரநிலைப்படி செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. கட்டங்கள் அப்படியே நின்றால் மகிழ்ச்சி. ஓரங்கள் மட்டும் பொரிந்தால் ஏற்கலாம். முழுக் கட்டங்கள் டேப்போடு வந்தால் எது வந்தது என்று பாருங்கள். இரும்பு பளிச்சென்று தெரிந்தால் தேய்த்ததிலோ துடைத்ததிலோ குறை. பிரைமர் நின்று நிறம் மட்டும் வந்தால் அந்த இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

பிறகு, அந்தப் பொருள் வாழ்நாளில் என்ன பாடுபடுமோ அதைக் கொடுங்கள். சைக்கிள் என்பதால் ஒரு துண்டில் செயின் எண்ணெயைத் தடவி ஓரிரவு விட்டேன். இன்னொன்றை வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். இன்னொன்று மாடியில் வெயிலில் கிடந்தது. ஊறிய துண்டில் கொப்புளம் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் சட்டத்தைத் தொட்டேன்.

நிறத்தை இப்போது பாருங்கள், முன்பே பார்க்க வேண்டாம். ஈரத்தில் பார்த்த நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. வெயிலிலும், டியூப்லைட்டின் கீழும், மஞ்சள் விளக்கிலும் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பொருள் எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறதோ அந்த வெளிச்சத்தின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. சட்டத்துக்கு அடிக்கும் நாள்

வெற்றிபெற்ற துண்டின் அட்டையைச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே செய்யுங்கள். கடைசி நேரத்தில் கடையில் அந்த டப்பா இல்லை, இதுவும் அதேமாதிரிதான் என்று வேறொன்றைக் கொடுத்தால், அதற்கும் ஒரு துண்டு அடித்துப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். ஒரு சோதனைத் துண்டைச் சட்டத்தின் பக்கத்திலேயே தொங்கவிட்டு, ஒவ்வொரு பூச்சையும் அதற்கும் அடியுங்கள். காய்ந்துவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பார்க்க அது உதவும், சட்டத்தில் கைவைக்க வேண்டியிராது.

முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்தி அதன் வாயைச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அடைத்துக்கொள்ளும். 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் டப்பாவை வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் காரும் அப்படிப்பட்ட இடம்தான். காலியானது என்று நினைத்து ஆணியடித்து ஓட்டை போடவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது.

மீதமுள்ள பச்சையையும் கிளியரையும் அந்த அட்டையோடு சேர்த்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் பள்ளிக்கூட வாசலில் வேறொரு சைக்கிள் உரசி, குறுக்குக் கம்பியில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அட்டையை எடுத்துப் பார்த்து, டப்பாவின் மூடியில் கொஞ்சம் பச்சையைப் பீய்ச்சி, மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தேன். ஏழாம் நாள் கிளியர். இப்போது கீறல் எங்கே இருந்தது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.